இது எந்த அணில்?

அணில் என்றதும் தமிழர் நினைவில் முதலில் எழுவது முதுகில் மூன்று கோடுகள் கொண்ட ஒரு சிறு விலங்கு. இலங்கைக்குப் பாலம் அமைத்தபோது மணல் சுமந்து உதவிய அணிலின் முதுகை இராமபிரான் அன்போடு வருடினார் என்றும், அவருடைய விரல்கள் பட்ட இடங்களே கோடுகளாயின என்றும் பாட்டிமார் சொல்லும் கதையை மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளும் கேட்டே வளர்கின்றனர். அந்தக் கதையில் வருவது தென்னிந்தியாவின் வீட்டு முற்றங்களில் ஓடித் திரியும் அணில். மலேசியாவில் அந்த இனம் இயற்கையாக வாழ்வதில்லை. இங்குள்ள பள்ளித் திடலின் மாமரத்தில் ஏறும் அணிலை உற்றுப் பார்த்தால் முதுகில் மூன்று கோடுகள் தென்படமாட்டா. கோடு உண்டு, ஆனால், அது உடலின் பக்கவாட்டில் இருக்கும்.

உலகில் 280க்கும் மேற்பட்ட அணில் இனங்கள் உள்ளன. அவற்றுள் பல மலேசியக் காடுகளில் வாழ்கின்றன. உள்ளங்கையில் அடங்கும் அணிலும் இங்கு உண்டு. வீட்டுப் பூனையைப்போல் நீண்ட உடல்கொண்ட அணிலும் உண்டு. சில பகலில் நடமாடும். சில இருட்டிய பிறகே வெளிவரும். சில மரத்தின் உச்சியைவிட்டு அரிதாகவே இறங்கும். சில தரையிலேயே உணவு தேடும். இவை அனைத்தையும் ‘அணில்’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பிடுவது வழக்கமாகிவிட்டது. இவ்வாறு அழைப்பதில் தவறில்லை. எனினும், ‘இந்த இடத்தில் அணில்கள் நிறைய இருக்கின்றன’ என்று சொல்லும்போது, எந்த அணில் என்று கேட்பது மிகவும் தேவையான கேள்வியாகும்.

அணில்தானா என்று உறுதி செய்தல்

மரத்தில் ஏறும் சிறு விலங்கெல்லாம் அணில் ஆகிவிடாது. மலேசியாவில் அணிலோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் விலங்கு மரமூஞ்சூறு. பழுப்பு நிறம், நீண்ட வால், சுறுசுறுப்பான ஓட்டம் ஆகியவற்றால் அது அணிலைப் போலவே தோன்றும். மலாய்மொழியில் இரண்டுக்கும் ‘துப்பாய்’ என்ற சொல்லே வழங்கி வருகிறது. மரமூஞ்சூறை மட்டும் குறிக்க வேண்டுமானால் ‘துப்பாய் முஞ்சோங்’ என்பர். மரமூஞ்சூறின் அறிவியல் பெயரும் ‘துப்பாய்’ என்னும் மலாய்ச் சொல்லிலிருந்தே பிறந்தது.

இந்தக் குழப்பம் புதியதன்று. கேப்டன் குக்கின் மூன்றாம் கடற்பயணக் குழுவில் சென்ற வில்லியம் எல்லிஸ் என்னும் மருத்துவர், இன்றைய வியட்நாமைச் சேர்ந்த கொண்டோர் தீவில் கிடைத்த ஒரு விலங்கை 1780ஆம் ஆண்டில் படமாக வரைந்தார். அதனை அவர் அணில் என்றே குறித்தார். அவர் வரைந்தது மரமூஞ்சூறு என்பது பின்னரே தெளிவாயிற்று.

இரண்டையும் வேறுபடுத்த முகத்தைப் பார்த்தாலே போதும். அணிலின் முகம் குட்டையானது. கண்ணுக்கும் மூக்குக்கும் இடையிலான தூரம் குறைவு. மூக்கருகே நீண்ட மீசை மயிர்கள் இருக்கும். மரமூஞ்சூறின் முகமோ நீண்டு கூராக இருக்கும். நீண்ட மீசை மயிர்கள் இரா. அணிலின் வாய்முன்னே உளி போன்ற வெட்டுப்பற்கள் உள்ளன. அவை வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். கடினமான கொட்டைகளைக் கொறிப்பதால் தேய்ந்து, கூர்மை குறையாமல் இருக்கும். பூச்சிகளையும் பழங்களையும் தின்னும் மரமூஞ்சூறுக்கு அத்தகைய பற்கள் இல்லை. கொட்டையை இரு கைகளாலும் பிடித்து ‘கறக் கறக்’ என்று கொறிக்கும் விலங்கைக் கண்டால், அது பெரும்பாலும் அணிலாகவே இருக்கும்.

கவனிக்க வேண்டிய ஐந்து கூறுகள்

காட்டில் அணில் ஓரிடத்தில் நின்று தன்னைக் காட்டிக்கொண்டிருக்காது. சில நொடிகளே கண்ணில் படும். அந்தச் சில நொடிகளில் எதைப் பார்ப்பது என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால் இனத்தைக் கண்டறிவது எளிதாகும்.

முதலாவது, நேரம். காலையிலா, அந்தி நேரத்திலா, இரவிலா என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, உயரம். தரையிலா, அடிமரத்திலா, மர உச்சியிலா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, அளவு. தலையிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை உள்ள நீளத்தையே உடல் நீளம் என்பர்; வாலைத் தனியாகக் கணக்கிட வேண்டும். நான்காவது, வயிற்றின் நிறமும் உடலிலுள்ள கோடுகளும். ஐந்தாவது, வாலும் அதை வைத்திருக்கும் முறையும்.

இவற்றுள் முதுகின் நிறம் இடம்பெறாதது வியப்பாக இருக்கலாம். பெரும்பாலான அணில்களின் முதுகு பழுப்பாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோ இருக்கும். இலைகளின் நிழலில் அந்த நிறங்களுக்கிடையே வேறுபாடு காண்பது கடினம். அடிமரத்தில் ஒட்டியிருக்கும் அணில் சற்றுத் திரும்பும்போது தெரியும் வயிற்று நிறமே பல வேளைகளில் சரியான விடையைத் தரும்.

தோட்டத்தில் வாழும் அணில்

மலேசியர் நாள்தோறும் காணும் அணில் பெரும்பாலும் வாழை அணிலாகும். ஆங்கிலத்திலும் வாழை வகை ஒன்றின் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. இதன் உடல் நீளம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். வாலும் கிட்டத்தட்ட அதே நீளம். முதுகு பழுப்பு, வயிறு செம்பழுப்பு. உடலின் இரு பக்கங்களிலும் இரண்டு கோடுகள் அருகருகே ஓடும். மேல்கோடு வெளிர்நிறமாகவும் அதன் கீழுள்ள கோடு கறுப்பாகவும் இருக்கும். இந்தப் பக்கக் கோடுகளும் செம்பழுப்பு வயிறும் சேர்ந்து தென்பட்டால், அது பெரும்பாலும் வாழை அணிலாகவே இருக்கும்.

வீட்டுத் தோட்டம், பூங்கா, பள்ளி வளாகம், தென்னந்தோப்பு, ரப்பர்த் தோட்டம், செம்பனைத் தோட்டம் எனப் பல இடங்களில் இது வாழக் கற்றுக்கொண்டுள்ளது. பழம், கொட்டை, பூ, பூச்சி ஆகியவற்றுள் எது கிடைத்தாலும் உண்ணும். கொக்கோ காய்களைத் துளைத்து உள்ளிருக்கும் சதையைத் தின்பதால், கொக்கோ பயிரிடுவோர் இதனைத் தொல்லை தரும் விலங்காகக் கருதுகின்றனர். பாம்பையோ பூனையையோ கண்டுவிட்டால் வாலை உதறியபடி ‘சக், சக்’ என்று ஒரே தாளத்தில் நெடுநேரம் குரல் கொடுக்கும்.

தீபகற்ப மலேசியாவின் தோட்டங்களிலும் காட்டோரங்களிலும் இதே அளவுள்ள வேறோர் அணிலும் உண்டு. அதன் வயிறு சாம்பல் நிறம். பக்கத்தில் கறுப்புக் கோடு இல்லை. அது சாம்பல்வயிற்று அணில் எனப்படும். முதுகை மட்டும் பார்த்தவர் இவ்விரண்டையும் ஒன்றென்றே எண்ணிவிடுவார்.

காட்டுக்குள் வாழும் அணில்கள்

காட்டுக்குள் நுழைந்ததும் அணில்களின் வகை பெருகுகிறது. அடிமரத்தில் தலைகீழாக விரைந்து ஓடும் மிகச் சிறிய அணிலைக் கண்டால், அது மெல்லணிலாக இருக்கலாம். இதன் உடல் நீளம் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர்தான். வால் மெலிந்தது, வயிறு சாம்பல் கலந்த வெண்மை, பக்கக் கோடு கிடையாது. மரப்பட்டையைக் கொறித்து அதன் உட்பகுதியையும் அங்குள்ள பூச்சிகளையும் தின்னும். இதனை வாழை அணிலின் குட்டி என்று கருதிவிடுவோர் உண்டு. வயிற்றின் நிறத்தைப் பார்த்தால் அந்த ஐயம் தீரும்.

மலேசிய அணில்களுள் மிகவும் அழகானது மூவண்ண அணில் என்பர். தீபகற்ப மலேசியாவில் இதன் முதுகும் வாலும் பளபளக்கும் கறுப்பு. வயிறு அடர்ந்த செம்பழுப்பு. இரண்டுக்கும் நடுவே அகன்ற வெண்ணிறப் பட்டை. வாழை அணிலின் மெல்லிய கோடுகளோடு இந்தப் பட்டையைக் குழப்பிக்கொள்ள வழியில்லை. சபா, சரவாக் மாநிலங்களில் இதே இனத்தின் நிறம் இடத்துக்கு இடம் மாறுபடும். ஆகவே, தீபகற்பத்தில் கற்ற அடையாளத்தை அங்கே அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

மரத்தில் ஏறுவதைக் காட்டிலும் தரையில் நடமாடுவதையே விரும்பும் அணில்களும் உள்ளன. மூவரித் தரையணில் விழுந்து கிடக்கும் மரங்களுக்கிடையே உணவு தேடும். அதன் முதுகில் மூன்று கறுப்புக் கோடுகள் நீளவாக்கில் தெளிவாகத் தெரியும். தரையில் வாழும் மற்றோர் அணிலின் முகம் மரமூஞ்சூறின் முகத்தைப்போல் நீண்டிருக்கும். முகத்தை வைத்து அணிலை அறியலாம் என்ற பொதுவிதிக்கு அது விலக்காகும். ஒரே ஓர் அடையாளத்தை மட்டும் நம்பி முடிவு செய்யலாகாது என்பதற்கு அதுவே நல்ல சான்று.

ஃபிரேசர் மலை, கேமரன் மலை போன்ற மேட்டுநிலங்களுக்குச் செல்லும் தமிழ்க் குடும்பத்தினர், “இதோ, நம் ஊர் அணில்!” என்று வியக்கக்கூடிய அணில் ஒன்றும் இருக்கிறது. அது மலை வரியணில். இதன் உடல் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். முதுகில் கறுப்புக் கோடுகளும் வெளிர்நிறக் கோடுகளும் மாறி மாறி ஓடும். ஆயினும், கதையில் வரும் அணில் இதுவன்று. காது நுனியில் சிறு குஞ்சம்போல் நிற்கும் வெண்ணிற மயிரே இதன் தனி அடையாளம்.

ராட்சத அணில்கள்

மர உச்சியில் கிளைகள் பெரிதாக அசைந்தால், குரங்கு என்று உடனே முடிவு செய்துவிடக் கூடாது. அது ராட்சத அணிலாகவும் இருக்கலாம். மலாய்மொழியில் இதனைத் ‘துப்பாய் கெராவாக்’ என்பர். தீபகற்ப மலேசியாவில் இருவகை ராட்சத அணில்கள் உள்ளன. கறுப்பு ராட்சத அணிலின் முதுகு கறுப்பு. கன்னமும் வயிறும் வெளிர்மஞ்சள். அதன் வால், உடலைவிட நீளமானது. மற்றொன்று வெளிர்நிற ராட்சத அணில். அதன் முதுகு பழுப்பு. வயிறு பாலாடை நிறம். உடல் மட்டுமே 30 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருக்கும். எடை ஒரு கிலோகிராமைத் தாண்டும். ஒரு வாழை அணிலின் எடை கால் கிலோகிராம் அளவே என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் உருவம் விளங்கும்.

வாலை வைத்திருக்கும் முறையும் வேறுபட்டது. சிறிய அணில் உட்காரும்போது வாலை முதுகின்மேல் வளைத்து வைக்கும். ராட்சத அணிலோ கிளையின் குறுக்கே அமர்ந்து, ஒருபுறம் தலையையும் மறுபுறம் வாலையும் தொங்கவிட்டுக்கொண்டு உண்ணும். தராசின் இரு தட்டுகளைப்போல் இரு பக்க எடையும் சமப்படுவதால் அது விழாமல் இருக்கிறது. நிழலில் மூவண்ண அணிலும் கறுப்பு ராட்சத அணிலும் ஒன்றுபோல் தோன்றலாம். உருவ அளவையும் வயிற்று நிறத்தையும் ஒருசேரப் பார்த்தால் குழப்பம் நீங்கும்.

அந்தியில் வெளிவரும் அணில்கள்

பொழுது சாய்ந்ததும் பகல் அணில்கள் கூடு திரும்பிவிடும். அதன்பின் மரப்பொந்துகளிலிருந்து பறக்கும் அணில்கள் எட்டிப் பார்க்கும். பெயரில் பறத்தல் இருந்தாலும், இவை பறவைகளைப்போல் பறப்பதில்லை; சறுக்கிச் செல்கின்றன. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே உள்ள தோல் சவ்வை விரித்து, உயரமான மரத்திலிருந்து தாவி, தொலைவிலுள்ள மற்றொரு மரத்தின் கீழ்ப்பகுதியைச் சென்றடையும். பிறகு மீண்டும் மேலே ஏறும். செந்நிறப் பெரும்பறக்கும் அணில் 75 மீட்டருக்கு மேலும் இவ்வாறு செல்ல வல்லது. அதன் உடல் செம்பழுப்பு. வாலின் நுனி கறுப்பு.

இங்கும் ஒரு குழப்பம் எழும். ‘குபோங்’ என்று மலாய்மொழியில் அழைக்கப்படும் விலங்கும் இதேபோல் சறுக்கிச் செல்லும். அது அணில் இனத்தைச் சேர்ந்ததன்று. இரண்டையும் வேறுபடுத்த வாலைப் பார்க்க வேண்டும். குபோங்கின் சவ்வு வால் நுனிவரை பரவியிருப்பதால், விரிந்த நிலையில் அது ஒரு பட்டம்போல் தோன்றும். பறக்கும் அணிலின் அடர்ந்த வாலோ சவ்வில் சிக்காமல் பின்னால் தனியே நீண்டிருக்கும். மேலும், குபோங் பகல் வேளையில் பெரும்பாலும் அடிமரத்தில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

காலை பத்து மணிக்குக் காட்டுப் பாதையில் செல்லும் ஒரு மாணவர், அடிமரத்தில் ஓர் அணிலைக் காண்கிறார் எனக் கொள்வோம். பகல் நேரம் என்பதால் அது பறக்கும் அணிலாக இருக்க வாய்ப்பில்லை. முகம் குட்டை; ஆகவே, மரமூஞ்சூறன்று. உடல் மிகச் சிறியது. எனவே, ராட்சத அணிலும் மூவண்ண அணிலும் விலகுகின்றன. முதுகில் கோடுகள் இல்லை. ஆதலால், வரியணில்களும் விலகுகின்றன. இப்போது எஞ்சியிருப்பவை மெல்லணிலும் இளம் வாழை அணிலுமே. அணில் திரும்பும்போது வயிறு வெண்மையாகத் தெரிகிறது. பக்கக் கோடும் இல்லை. அது மெல்லணில் என்று அவர் குறித்துக்கொள்ளலாம்.

ஒருவேளை வயிறு தெரிவதற்குள் அணில் மறைந்துவிட்டால், ‘சிறிய அணில், இனம் உறுதியில்லை’ என்று எழுதுவதே முறை. ஊகித்து எழுதிய பெயரைவிட, உறுதியில்லை என்று எழுதிய பதிவே ஆய்வாளருக்குப் பயன் தரும்.

பெயரறிவதன் பயன்

இவ்வளவு நுட்பமாகப் பார்த்து என்ன பயன் என்னும் கேள்வி எழலாம். அதற்கு அண்டை நாடான சிங்கப்பூரின் அனுபவம் விடை தருகிறது. வெளிர்நிற ராட்சத அணிலை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ். சிங்கப்பூரில் கிடைத்த அணிலை அடிப்படையாகக் கொண்டே 1821ஆம் ஆண்டில் அவர் அதற்குப் பெயரிட்டார். அப்போது அந்தத் தீவின் பெரும்பகுதி காடாக இருந்தது. பின்னர்த் தோட்டங்களுக்காகவும் நகருக்காகவும் காடுகள் அழிக்கப்பட்டன. முதன்முதலில் பெயர் பெற்ற அந்த மண்ணிலேயே இன்று அந்த அணில் அழிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது.

ஆனால், சிங்கப்பூர்ப் பூங்காக்களில் அணில்களுக்குப் பஞ்சமில்லை. வாழை அணில்கள் எங்கும் ஓடித் திரிகின்றன. அவற்றைப் பார்ப்பவர், ‘இங்கே அணில்கள் நன்றாகத்தான் வாழ்கின்றன’ என்று எண்ணக்கூடும். ஓர் இனம் பெருகுவதை மட்டும் கண்டு, மற்றோர் இனம் மறைந்ததை உணராமல் போவது இவ்வாறுதான்.

இதற்குக் காரணம் இரண்டின் வாழ்க்கை முறையில் உள்ளது. வாழை அணில் வேலியிலும் மின்கம்பியிலும் ஓடி, தரையில் இறங்கி, அடுத்த தோட்டத்துக்குச் சென்றுவிடும். ராட்சத அணிலுக்கு உயர்ந்த மரங்கள் வேண்டும். அவற்றின் கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். காட்டின் நடுவே ஓர் அகன்ற சாலை அமைந்தால் வாழை அணிலுக்கு அது சிறு இடையூறு. ராட்சத அணிலுக்கோ கடக்க முடியாத மதில். பறக்கும் அணிலுக்கும் சறுக்கிச் செல்ல உயர்ந்த மரங்களும், தங்குவதற்குப் பொந்துள்ள முதிர்ந்த மரங்களும் தேவை.

சாலையால் பிரிந்த காடுகளை மீண்டும் இணைக்கும் முயற்சிகளும் நடைபெற்று வருகின்றன. சிங்கப்பூரின் புக்கிட் தீமா விரைவுச்சாலை 1986ஆம் ஆண்டில் இரு காட்டுப் பகுதிகளைப் பிரித்தது. அச்சாலையின் மேல் மண் நிரப்பி, மரங்கள் நட்டு, 62 மீட்டர் நீளமுள்ள விலங்குப் பாலம் 2013ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. இத்தகைய பாலத்தை எந்தெந்த விலங்குகள் பயன்படுத்துகின்றன என்று அறிந்தால்தான் அதன் பயனை மதிப்பிட முடியும். ‘அணில் கடந்தது’ என்னும் குறிப்பு அதற்குப் போதாது. கடந்தது தோட்டத்து அணிலா, காட்டு அணிலா என்பதே முக்கியம்.

பார்க்கும்போது பேண வேண்டிய முறை

அணில்களைக் காண விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும். தொலைநோக்கி இருந்தால் கூடுதல் வசதி. காலை ஏழு மணி முதல் பத்து மணிவரை ஏற்ற நேரமாகும். ஓரிடத்தில் அமைதியாக நின்று, முதலில் காதால் கவனிக்க வேண்டும். கொறிக்கும் ஒலி, பழத்தோல் விழும் ஒலி, கிளை அசையும் ஒலி ஆகியவை அணில் இருக்கும் திசையைக் காட்டும். நாள், நேரம், இடம், மரத்தில் இருந்த உயரம், உடல் அளவு, வயிற்று நிறம், கோடுகள், வால், செய்த செயல் ஆகியவற்றை உடனுக்குடன் எழுதிவிடுவது நல்லது. வீடு திரும்பிய பிறகு எழுதினால், பார்த்ததோடு படங்களில் கண்டதும் கலந்துவிடக்கூடும்.

அணிலை அருகே வரவழைக்க உணவு போடக் கூடாது. மனிதர் தரும் உணவுக்குப் பழகிய விலங்கு சாலையோரத்தையும் குப்பைத்தொட்டியையும் நாடத் தொடங்கும். சிங்கப்பூரில் காட்டு விலங்குகளுக்கு உணவளிப்பது 2020ஆம் ஆண்டு முதல் சட்டப்படி குற்றமாகும். கூடுகளைக் கலைப்பதும் குட்டிகளைத் தூக்கிச் செல்வதும் அவற்றின் உயிருக்கே கேடாகும்.

பள்ளி வளாகத்தில் தொடங்கும் பழக்கம் இதற்குப் போதுமானது. அங்குள்ள அணிலின் வயிறு செம்பழுப்பா, சாம்பலா என்று பார்த்து எழுதும் மாணவர், அடுத்த விடுமுறையில் தாமான் நெகாராவின் மர உச்சியில் பெரிய கிளையொன்று அசையும்போது எங்கே பார்க்க வேண்டும் என்பதை அறிந்திருப்பார். அவருடைய குறிப்பேட்டில் நாளும் இடமும் இனப்பெயரும் இருக்கும். பத்தாண்டுகள் கழித்து அதே இடத்தில் அதே அணில் இருக்கிறதா என்று தேடிச் செல்பவருக்கு அந்த ஒரு வரி பேருதவியாக அமையும்.